வியாழக்கிழமைப் பேய்

— சாவியைக் குடுங்க டீச்சர். தலைவர் முன்னாலயே கேக்கேன், டிவி ரூம் சாவியைக் குடுங்க.

— தரமாட்டேன் அண்ணாச்சி. அது பஞ்சாயத்துச் சாவி. உங்க தீப்பெட்டி ஆபீஸ் சாவி இல்ல.

— பாத்தேளா தலைவரே. பால்வாடியில கஞ்சி ஊத்துத பொம்பளைக்கு வாயைப் பாத்தேளா.

— ஏலே கடற்கரை, மெதுவாப் பேசு. ரேசனுக்கு நிக்கிற கூட்டம் பூரா இங்கனதான் பாக்குது. டீச்சரம்மா, நீங்களும் உக்காருங்க. நான் இன்னும் காப்பி கூடக் குடிக்கல, விடிஞ்சும் விடியாம ஆபீசைத் தொறக்க வச்சிட்டிய. சரி, அது கெடக்கட்டும். ஒரு ஆள் முதல்ல இருந்து சொல்லுங்க.

— நான் சொல்லுதேன், பாத்துக்கிடுங்க. வியாழக்கிழமை ஏழரைக்கு மெட்ராஸ்ல இருந்து ஒரு பேய் நாடகம் போடுதான். நம்ம ஊர்ப் பிள்ளைக அம்புட்டும் அந்த ரூம்ல போயி உக்காந்து பாக்குதுக. நான் கருக்கல்ல நாலு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேனைக் கொண்டாந்து மந்தையில நிறுத்திட்டு, தெருத்தெருவாப் போயி ஒவ்வொரு வாசல்லயும் நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுதேன். ஆறு வருசமாக் கூப்பிடுதேன். ஒரு சத்தம் குடுத்தாப் போதும், ‘வாரேன் அண்ணாச்சி’ன்னு கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்து ஏறும். இப்பம் மூணு வாரமா ஒரு பிள்ள வாயைத் தொறக்க மாட்டேங்குது. முப்பத்தோரு பேர் ஏறுத வேன்ல நேத்து ஒன்பது பேர்.

— தூங்குதோ என்னமோ.

— எங்க தூங்குது? முழிச்சிக்கிட்டுத்தான் கெடக்குதுக. மூச்சை அடக்கிக்கிட்டு, போர்வைக்குள்ள. அந்த நாடகத்துல வார பேயி கருக்கல்ல வாசல்ல வந்து நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுது தலைவரே. ‘என்ன’ன்னு கேட்ட பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போயிருது.

— இதுல என்ன புதுசு? நம்ம பக்கத்துலயும் சொல்லுவாவல்லா, இருட்டுல பேர் சொல்லிக் கூப்பிட்டா மூணாவது சத்தத்துக்குத்தான் பதில் சொல்லணும், பேயி ரெண்டுக்கு மேல கூப்பிடாதுன்னு. நீ மூணு தடவை கூப்பிட்டுட்டுப் போயேன். உனக்கு வாய் வலிக்குதோ?

— கூப்பிட்டேன் தலைவரே. முதல் வாரம் மூணாவது சத்தத்துக்கு வந்துட்டுதுக. ரெண்டாவது வாரம் அந்த நாடகக்காரப் பாவி என்ன செஞ்சான்? பேய்க்கு மூணு தடவை கூப்பிடத் தெரிஞ்சு போச்சின்னு காட்டிட்டான். இப்பம் நாலு தடவை கூப்பிட்டாலும் நம்ப மாட்டேங்குது. நான் யாருன்னு எப்படிக் காட்ட? எருமைக்காரன் கணக்கா வாசல் வாசலா நின்னு கத்துதேன்.

— மூணு தடவை கூப்பிட பேய்க்கு யாருலே சொல்லிக் குடுத்தா?

— அது ஏதோ மந்திரவாதி.

— மந்திரவாதி இல்ல அண்ணாச்சி. அந்த ஊர்க்காரன்தான். ஊர்ல யார் யார் வீட்டுல பிள்ளைக இருக்கு, அதுக பேர் என்னன்னு பேய்க்குச் சொல்லிக் குடுத்தவனும் அவன்தான். வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, நல்லாப் பேசுவான். எல்லா வீட்டுலயும் அவனுக்குக் காப்பி குடுப்பாவ.

— அட. பிறகு? கண்டுபிடிச்சிட்டாவளா அவனை?

— தலைவரே, நீங்க கதை கேக்கவா உக்காந்திருக்கிய?

— இரு லே. விசாரிக்கணும்லா. என்ன நாடகம்னு தெரியாம எப்படித் தடை போட? எங்க வீட்டுல பொம்பளைக உக்காந்து பாக்காவ, நான் அந்த நேரம் தோட்டத்துல மோட்டார் போடப் போயிருதேன். டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க. அது பிள்ளைக பாக்குத நாடகமா, இல்லையா?

— நல்ல நாடகம்னு நான் சொல்ல மாட்டேன். பேய் மூஞ்சில அரை டப்பா பவுடரு. நடக்கையில சேலைக்குக் கீழ ரப்பர் செருப்பு தெரியுது. பிள்ளைக அதைப் பாத்துச் சிரிக்குதுக தலைவரே. எஸ்தர்ராணி எந்திரிச்சி நின்னு அதே மாதிரி நடந்து காட்டுதா. சுடுகாடு காட்டுனான், மண்டையோடு காட்டுனான், ஒண்ணும் அசையல. அந்தக் கூப்பிடுத கட்டம் வந்ததும் ரூம் அப்படியே அடங்கிருச்சி. இருட்டு, சாத்துன கதவு, வெளிய ஒரு ஆம்பளைக் குரல் பிள்ள பேரைச் சொல்லுது. ஏன் தெரியுமா? மத்ததெல்லாம் அதுகளுக்குக் கதை. இது மட்டும் தெரிஞ்ச விசயம்.

— என்னைப் பேயிங்கிய.

— நான் சொல்லல. பிள்ளைக சொல்லுது.

— தலைவரே, இந்தப் பேச்சை நீங்க கேட்டுக்கிட்டு இருக்கக் கூடாது. நான் இந்த ஊருக்குச் சோறு போடுதவன். மூணு வருசமா மழை இல்ல. பருத்தி கருகிப் போச்சு, மல்லி முளைக்கவே இல்ல. யாரு வீட்டுல அடுப்பு எரிஞ்சிச்சி? என் வேன் வந்த வீட்டுலதான் எரிஞ்சிச்சி. இந்தா நிக்காளே பாண்டியம்மா, அவ கிட்டக் கேளுங்க. அவ மக கிருஷ்ணவேணிதான் முதல்ல ஆரம்பிச்சது. ஏட்டி, சொல்லு. மகளுக்கு என்ன செய்யுது?

— காய்ச்சல் தலைவரே. வெள்ளிக்கிழமையில இருந்து விடல. பாயில ஒண்ணுக்குப் போயிருதா. தூக்கத்துல ‘நான் இல்ல, நான் இல்ல’ன்னு சொல்லுதா.

— கேட்டேளா. இது டிவி செஞ்ச வேலை. பிஞ்சு மனசு தலைவரே. சின்னதுக கண்டதையும் பாத்தா நெஞ்சுக்குள்ள பயம் போயி உக்காந்துக்கிடும், பிறகு எந்தக் கோயில் திருநீறுக்கும் அது போகாது. பத்து வயசு ஆகாததுகளைக் கொண்டு போயி இருட்டு ரூம்ல உக்கார வச்சிப் பேயைக் காட்டுதாவ, இவியளும் ஒரு டீச்சரா? கேக்க ஆள் இல்ல இந்த ஊர்ல.

— வெள்ளிக்கிழமை என்ன நடந்துச்சின்னும் சொல்லுங்க அண்ணாச்சி. பாதியில நிறுத்திட்டியளே.

— என்ன நடந்துச்சி? ஒண்ணும் நடக்கல.

— கிருஷ்ணவேணி பதில் சொல்லலன்னு கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போனிய. பாயோட இழுத்தேள். அவ நிலைக்காலைப் பிடிச்சிக்கிட்டா. கையைப் பிரிச்சி இழுத்ததுல முழங்கை வீங்கி, இன்னைக்கு வரைக்கும் நீட்ட முடியல. பாண்டியம்மா, நான் சொல்லுதது பொய்யா?

— ஏன் டீச்சர் அதெல்லாம் இப்பம்.

— அவளே ஒண்ணும் சொல்லல, உங்களுக்கு எதுக்கு வலிக்குது? வேன் நேரமாயிட்டுதுல்லா, ஒரு பிடி பிடிச்சேன். பிள்ளைக்குப் பயம் தெளியட்டும்னுதான் இழுத்தேன், ஏறி உக்காந்தா எல்லாம் சரியாப் போகும்னு. என் சொந்த மக மாதிரி நினைச்சித்தான்.

— உங்க சொந்த மகளுக்கு வயசு என்ன?

— எதுக்கு?

— சும்மா கேக்கேன், சொல்லுங்க.

— ஒன்பது. கோயில்பட்டி கான்வென்ட்ல நாலாவது படிக்கா.

— அவ இந்த நாடகம் பாக்காளா?

— வீட்டுல டிவி இருக்கு. பாக்கத்தான் செய்வா.

— பாயில ஒண்ணுக்குப் போறாளா?

— டீச்சர், வார்த்தையை அளந்து பேசுங்க.

— போக மாட்டா. ஏழு மணி வரைக்கும் தூங்குதா, அவிய அம்மா எழுப்பித் தலை சீவி விடுதாவ. கருக்கல்ல அவ பேரைச் சொல்லி யாரும் வாசல்ல நிக்கல. ஒரே நாடகம், ஒரே பேய், ஒரே வயசு. ஒருத்தி பாத்துட்டுத் தூங்குதா, ஒருத்தி கையை ஒடிச்சிக்கிட்டுக் கெடக்கா. அப்பம் எதைப் பூட்டணும்னு எனக்குப் புரியல அண்ணாச்சி. நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க.

— சரி சரி, போதும். ரெண்டு பேரும் கத்துனா நான் எப்படி யோசிக்க? டீச்சரம்மா, உங்க கோவம் புரியுது. ஆனா பிள்ளைக பயப்படுதுல்லா, அதையும் பாக்கணும்.

— உங்களுக்குப் புரியாது தலைவரே. ரெண்டு வயசுல இருந்து என் கிட்ட இருக்குதுக. சளி சிந்தி விட்டு, கஞ்சி ஊட்டி, அ ஆ சொல்லிக் குடுத்து, அஞ்சு வயசு முடிஞ்சதும் ‘பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போ’ன்னு அனுப்புதேன். கொஞ்ச நாள் கழிச்சிப் பாத்தா வேன்ல உக்காந்து போகுது. சாயந்திரம் வரும்போது விரலெல்லாம் தீக்குச்சி மருந்து வாடை. என்னைப் பாத்துக் கையாட்டும். அந்தக் கையை நான் பாக்க மாட்டேன், தலையைக் குனிஞ்சிக்கிட்டுப் போயிருவேன். ஆறு வருசம் அப்படித்தான் போயிருக்கேன். எனக்கு உங்க மேல இருக்க கோவத்தை விட என் மேலதான் அதிகம்.

— அழாதீங்க டீச்சரம்மா. எனக்குக் கை கால் ஓடாது. கடற்கரை, நீ என்னதான் கேக்க? முடிவாச் சொல்லு.

— வியாழக்கிழமை ரூமைப் பூட்டணும். அவ்வளவுதான்.

— அது நடக்காது. பூட்டுனா பெரியவங்க சண்டைக்கு வருவாவ. எங்க வீட்டு அம்மாவே அந்த நாடகத்தைப் பத்தித்தான் வியாழக்கிழமை காலையில இருந்து பேசுதா. பஞ்சாயத்து டிவியைப் பூட்டுனவன்னு பேர் வாங்கிட்டு நான் அடுத்த தடவை நிக்க முடியுமா? வேற சொல்லு.

— அப்பம் சின்னப் பிள்ளைகளை உள்ள விடக் கூடாது. பெரியவங்க பாக்கட்டும். நான் வேண்டாம்னு சொல்லல.

— யாரு சின்னப் பிள்ள?

— என்ன டீச்சர் கேள்வி இது.

— வாசல்ல நிக்கப் போறவ நான். யாரை விட, யாரை விரட்டன்னு தெரிய வேண்டாமா? உங்க வேன்ல ஏறுததுக எல்லாம் சம்பாதிக்கிறவங்க. குடும்பத்தைத் தாங்குதவங்க. அவங்களைப் போயிச் சின்னப் பிள்ளன்னு எப்படிச் சொல்ல? எஸ்தர்ராணி வயசுக்கு வந்த பிள்ள மாதிரி இருக்கா. அவ பாக்கலாம்.

— அவளா? அவளுக்குப் பத்து வயசு. ஒசரமா இருந்தா ஆச்சா?

— கிருபா பாக்கலாம். அவ நல்லாத் தைரியமான பிள்ள.

— கிருபாவுக்கு இன்னும் பால்பல்லு முழுசா விழல, எட்டு வயசு. குச்சி அடுக்குத பலகை எட்டலன்னு அவளுக்குச் செங்கல்லு போட்டுக் குடுத்திருக்கோம். அவளைப் போயிப் பேய் பாக்க விடுதாவளாம், பேய்.

— பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தா யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஒரு தாள்ல எழுதுங்க டீச்சரம்மா. கடற்கரை, நீயே சொல்லு, யார் யாரு, என்ன வயசுன்னு. அவிய எழுதட்டும். நீ கையெழுத்துப் போடு, நான் முத்திரை வைக்கேன். அதுல இருக்கவ எவளும் வியாழக்கிழமை அந்த ரூம் பக்கம் வரக் கூடாது. சண்டை தீந்துச்சி.

— நல்ல யோசனை தலைவரே. எழுதுங்க டீச்சர். ஒண்ணு, கிருபா, எட்டு. ரெண்டு, எஸ்தர்ராணி, பத்து. மூணு, கிருஷ்ணவேணி. ஏட்டி பாண்டியம்மா, உன் மகளுக்கு ஒன்பதா?

— எட்டு முடிஞ்சி ஒன்பது அண்ணாச்சி. பங்குனியில பெறந்தா.

— ஒன்பது போடுங்க. நாலு, சீனி மகன் வெயிலுமுத்து, பதினொண்ணு. அவனுக்குத் தங்கச்சி ஏழு. ஏழுன்னே போடுங்க, பயந்தாங்கொள்ளி அது.

— வெயிலுமுத்துக்குப் பதினொண்ணு இருக்காது அண்ணாச்சி. பதிமூணு பதினாலு இருக்கும். அவன் பாக்கட்டும்.

— ஆறு வருசமா என் வேன்ல வாரவன் வயசு எனக்குத் தெரியாதா? அஞ்சு வயசுல ஏறுனான். பதினொண்ணு. நீங்க சும்மா வயசைக் கூட்டி எழுதி உள்ள விடலாம்னு பாக்காதீங்க. நான் சொல்லுதபடி எழுதுங்க.

— எழுதுதேன். நீங்க சொல்லுதபடியே எழுதுதேன். இன்னும் சொல்லுங்க.

— இந்தக் கடைசிப் பேரோட இருபத்தஞ்சு பேரு சொல்லிட்டேனா? மீதி ஆறு பேரு பெரிய பிள்ளைக, சமைஞ்சவளுக. அதுக பாத்தாலும் சரி. மேல ஒரு வரி எழுதுங்க: ‘கீழ்க்கண்ட சின்னப் பிள்ளைகள் எங்கள் கம்பெனிக்கு வேலைக்கு வருகிறவர்கள். பேய் நாடகம் பார்த்துப் பயந்து விடியற்காலை வேலைக்கு வருவதில்லை. பச்சைப் பிள்ளைகள் என்பதால் இவர்களை அனுமதிக்கக் கூடாது.’ எழுதிட்டேளா? வாசியுங்க.

— ‘பச்சைப் பிள்ளைகள் என்பதால் இவர்களை அனுமதிக்கக் கூடாது.’

— இதுதான் வேணும். குடுங்க பேனாவை.

— நல்லா அழுத்திப் போடுங்க அண்ணாச்சி. மை சரியா இறங்கல.

— போட்டாச்சு. தலைவரே, நீங்களும் போடுங்க.

— இந்தா. வன்னியபெருமாள், தலைவர். முத்திரையும் வச்சாச்சு. இனி சண்டை கிண்டைன்னு யாரும் என் கிட்ட வரப்புடாது.

— டீச்சர், நான் வாரேன். பஸ்ஸு சத்தம் கேக்கு. மகளை நிழற்குடையில உக்கார வச்சிட்டு வந்தேன், கோயில்பட்டிக்குப் போயி டாக்டர் கிட்டக் காட்டணும்.

— இரு பாண்டியம்மா. இந்தப் பையைக் கொண்டு போ. பிள்ளைக்குக் கஞ்சி வச்சிருக்கேன். தடுப்பூசி அட்டையும் அதுலதான் இருக்கு, பெறந்த தேதி கேப்பாவ. பத்திரம்.

— போயிட்டு வாட்டி. கையைச் சரி பண்ணித் திங்கக்கிழமை அனுப்பிரணும், சொல்லிட்டேன். நல்ல பொம்பளை தலைவரே, நம்ம பக்கம்தான். பாத்தேளா, டீச்சர் அம்புட்டுத் தூண்டியும் கை வீக்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

— அது கெடக்கட்டும். டீச்சரம்மா, அந்தத் தாளை இப்படிக் காட்டுங்க. கண்ணாடி போட்டு ஒருக்கா வாசிச்சிருதேன். கிருபா எட்டு. எஸ்தர்ராணி பத்து. கிருஷ்ணவேணி ஒன்பது. ஏலே கடற்கரை.

— என்ன தலைவரே?

— தை மாசம் இதே மேசையில வச்சி இந்தக் கிருஷ்ணவேணிக்குப் பதினஞ்சு வயசுன்னு என் கிட்டச் சர்டிபிகேட் வாங்கிட்டுப் போனியே. எஸ்தர்ராணிக்கும் பதினஞ்சு. இருபத்தஞ்சு பேருக்கும் பதினஞ்சு. நான்லா கையெழுத்துப் போட்டிருக்கேன்.

— தலைவரே.

— நீதான சொன்னே, புதுச் சட்டம் வந்திருக்கு, பதினாலு ஆகாத பிள்ளை இருந்தா ஆபீசைப் பூட்டிருவான், ஒரு ஒப்புக்குப் போட்டுக் குடுங்கன்னு. இப்பம் இந்தத் தாளையும் அந்தச் சர்டிபிகேட்டையும் ஒரு ஆபீசர் பக்கத்துப் பக்கத்துல வச்சிப் பாத்தா? உன்னோட நானும்லா உள்ள போவேன். கூறுகெட்ட பயலே, வயசை எதுக்குலே சொன்னே?

— நீங்கதான எழுதச் சொன்னிய. இவிய ஒவ்வொண்ணாக் கிண்டிக் கிண்டிக் கேட்டாவ. டீச்சர், அந்தத் தாளைக் குடுங்க.

— தலைவர் கையிலதான இருக்கு. வாங்கிக்கிடுங்க.

— குடுங்க தலைவரே. இந்தா, கிழிச்சாச்சு. நாலாக் கிழிச்சாச்சு. இப்பம் இந்த ஊர்ல எவளும் சின்னப் பிள்ள கிடையாது. எல்லாத்துக்கும் பதினஞ்சு. சர்டிபிகேட்டுல உள்ளபடி.

— அப்பம் வியாழக்கிழமை நாடகம் பாக்கலாம்லா?

— பாக்கட்டும். பாத்துத் தொலையட்டும். கதவை நான் ஒடைச்சிக்கிடுதேன், எத்தனை கதவு இருந்தாலும். திங்கக்கிழமை முதல் கதவு பாண்டியம்மா வீட்டுக் கதவுதான். நீங்க பேசுன பேச்சுக்கெல்லாம் அவ மக கிட்ட வாங்கிக்கிடுதேன் டீச்சர், பாத்துக்கிடுங்க.

— ஏலே, வாயை மூடு. டீச்சரம்மா, உங்க விரல்ல என்ன, இப்படி ஊதா ஊதாவா அப்பியிருக்கு?

— கார்பன் தலைவரே. அண்ணாச்சி கிழிச்சது மேல் தாளு, அடித்தாளு கஞ்சிப் பையில இருக்கு. பாண்டியம்மா மகளோட பஸ் ஏறிட்டா, டாக்டரைப் பாக்க முந்தி அவ போறது லேபர் ஆபீசர் கிட்ட.